காலியிடத்தின் கணக்கு: அலமாரிப் பலகையில் ஒரு ஷண்டிங் யார்டு

சரக்கு ரயில் ஊர்விட்டு ஊர் ஓடுவது எல்லோர் கண்ணிலும் படுகிறது; அது புறப்படுவதற்கு முன்பு, பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்த வேகன்களை வேண்டிய வரிசையில் கோப்பதற்காக ஒரு சிறிய இஞ்சின் முன்னும் பின்னும் நகர்ந்து உழைப்பது பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. ஷண்டிங் எனப்படும் இந்த உழைப்பையே, சுவரில் பொருத்திய ஒரு பலகையின் மீது, உண்மையான தடைகளோடும் உண்மையான நிதானத்தோடும் நடத்திக் காட்டுவதற்காக உருவானதுதான் அலமாரி வகை மாதிரி ரயில் அமைப்பு. நீள்வட்டப் பாதையில் ரயில் சுற்றிவர வேண்டுமானால், பரவலாகப் புழங்கும் எச்.ஓ. அளவில்கூட ஏறக்குறைய 1.2 மீட்டர் அகலமுள்ள மேசை வேண்டும். ஷண்டிங் அமைப்புக்கு வளைவே தேவையில்லை என்பதால் 30 முதல் 40 சென்டிமீட்டர் அகலமும் இரண்டு மீட்டருக்குக் குறைவான நீளமும் போதும். இடம் சிறிது என்பது இங்கே சகித்துக்கொள்ள வேண்டிய குறை அன்று. அந்தச் சிறிய இடத்தில் எவ்வளவு பகுதியை நிரப்பாமல் விடுவது என்ற கேள்வியே இந்த அமைப்பின் உயிர்நாடி என்பதை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

அளவும் நீளமும்

எச்.ஓ. என்பது உண்மையான வண்டியை 87இல் ஒரு பங்காகச் சுருக்கும் அளவு. உலகில் மிகப் பரவலாக உள்ள 1,435 மில்லிமீட்டர் இருப்புப் பாதை இந்த அளவில் 16.5 மில்லிமீட்டர் ஆகிறது. இதைவிடச் சிறியதான என் அளவு 160இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். இந்திய அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர் என்பதால், எச்.ஓ. கணக்கில் அதற்கு 19.3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் இந்திய வண்டியின் மாதிரியை ஓட்டுவோர், இடைவெளி சற்றுக் குறுகியிருப்பதை ஏற்றுக்கொள்ளவோ வண்டியை 102இல் ஒரு பங்காகச் சுருக்கவோ வேண்டியிருக்கிறது. நீலகிரி மலை ரயில் ஓடும் மீட்டர் கேஜ் பாதைக்கு இந்தச் சிக்கல் இல்லை; அது எச்.ஓ. அளவில் 11.5 மில்லிமீட்டர் ஆவதால், 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தோடு ஏறத்தாழப் பொருந்திவிடுகிறது.

அமெரிக்க இருப்புப் பாதைகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெருவாரியாக ஓடிய 40 அடி மூடு வேகன், எச்.ஓ. அளவில் 14 சென்டிமீட்டர். இரு முனையிலும் உள்ள கப்ளிங்குகளைச் சேர்த்தால் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். இஞ்சினுக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1940 முதல் 1956 வரை தயாரித்த 44 டன் டீசல் இஞ்சின். 90,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் எடையுள்ள இஞ்சினில் ஓட்டுநரோடு ஃபயர்மேன் ஒருவரும் இருந்தாக வேண்டும் என்று 1937இல் அமெரிக்க ரயில் நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே ஒப்பந்தம் ஏற்பட்டதால், 88,000 பவுண்டு, அதாவது அந்நாட்டுக் கணக்கில் 44 டன் எடையுள்ள இந்தச் சிறிய இஞ்சினுக்குத் தேவை உண்டாயிற்று. உண்மையில் பத்து மீட்டர் நீளமுள்ள இது மாதிரியில் 12 சென்டிமீட்டருக்குள் அடங்குகிறது. இஞ்சின் குட்டையாக இருந்தால் அது நிற்பதற்கான தண்டவாளமும் குட்டையாக இருக்கலாம் என்பதால், அலமாரி அமைப்பைக் கட்டுவோருக்கு இது மிகவும் உகந்த இஞ்சின்.

மூன்று கிளைகள், எட்டு வேகன்கள்

இவ்வகை அமைப்புகளில் மிகச் சிறியதும் மிகச் செறிவானதும் ஆங்கிலேயர் ஆலன் ரைட் வகுத்த இங்கில்நுக் சைடிங்ஸ். அதில் தடம் மாற்றும் பாயிண்டுகள் இரண்டே இரண்டு; அவற்றிலிருந்து சைடிங் எனப்படும் மூன்று கிளைத் தடங்கள் பிரிகின்றன. முதல் கிளையில் ஐந்து வேகன்கள் நிற்கலாம். மற்ற இரண்டிலும் மும்மூன்று. பாயிண்டுகளுக்கு மறுபுறம் உள்ள ஒற்றைத் தடத்துக்கு ஷண்டிங் நெக் என்று பெயர். அதில் இஞ்சினும் மூன்று வேகன்களும் மட்டுமே கொள்ளும். மொத்தம் எட்டு வேகன்கள். அவற்றின் பெயர்களைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி ஐந்தை எடுத்து, எடுத்த அதே வரிசையில் அந்த ஐந்து வேகன்களையும் முதல் கிளையில் நிறுத்த வேண்டும் என்பதே விதி. எட்டிலிருந்து ஐந்தை வரிசையோடு தேர்ந்தெடுக்க 8 × 7 × 6 × 5 × 4, அதாவது 6,720 வழிகள் இருப்பதால், நாள்தோறும் ஒரு ரயிலைக் கோத்தாலும் எல்லாவற்றையும் முடிக்கப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இந்த எண்கள் தற்செயலானவை அல்ல. மூன்று கிளைகளிலும் சேர்த்துப் பதினொரு வேகன்களுக்கு இடம் இருக்கிறது. பதினொன்றையும் நிரப்பிவிட்டால், இஞ்சின் ஏதாவது ஒரு கிளையிலிருந்து மூன்று வேகன்களை வெளியே இழுக்க முடியும். ஆனால் அவற்றைத் திரும்ப விடுவதற்கு, இழுத்த அதே கிளையைத் தவிர வேறெங்கும் இடம் இருக்காது. வண்டிகள் அசையும், வரிசை அசையாது. எட்டு வேகன்கள் மட்டும் இருக்கும்போது மூன்று இடங்கள் காலியாக இருக்கின்றன. ஷண்டிங் நெக்கில் கொள்ளும் வேகன்களும் மூன்றே. எத்தகைய தடங்களில் எத்தனை வேகன்கள் இருந்தால் விரும்பிய வரிசையை எப்போதும் அடைய முடியும் என்ற கேள்வியைக் கணிதவியலாளர் சைமன் பிளாக்பர்ன் ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். ரைட்டின் அமைப்பில் எந்த வரிசையில் தொடங்கினாலும் தீர்வு உண்டு.

தீர்வு கிடைக்கும் வழியை அருகில் சென்று பார்ப்பது பயனுள்ளது. இரண்டாம் கிளையில், பாயிண்டுக்கு அருகிலிருந்து உள்நோக்கி ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வேகன்கள் நிற்பதாகக் கொள்ளலாம். இஞ்சின் அம்மூன்றையும் ஒரே கொத்தாக இழுத்து முதல் கிளைக்குள் தள்ளினால், அங்கும் பாயிண்டுக்கு அருகில் ஒன்றும் உட்கோடியில் மூன்றும் நிற்கும், வரிசை மாறுவதில்லை. அவற்றையே ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் விட்டால், முதலில் போன ஒன்று உட்கோடிக்குத் தள்ளப்பட்டு, கடைசியாகப் போன மூன்று பாயிண்டுக்கு அருகில் வந்துவிடும், வரிசை தலைகீழாகிறது. மூன்றையும் இழுத்து, கடைசியில் உள்ள மூன்றை மட்டும் முதல் கிளையில் விட்டுவிட்டு, மீதி இரண்டையும் பழைய இடத்துக்கே திருப்பினால், புதைந்து கிடந்த வேகன் தனியே பிரிந்துவிடும். கொத்தாக நகர்த்துதல், தனித்தனியாக நகர்த்துதல், கொத்தை இடையில் வெட்டுதல் ஆகிய இம்மூன்றும்தான் ஷண்டிங்கின் முழு இலக்கணம். ஷண்டிங் நெக் ஒரு வேகன் அளவு குட்டையாக இருந்திருந்தால் மூன்றாவது வேகனை ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவர முடியாது. முதல் இரண்டையும் வேறொரு கிளையில் ஒதுக்கிவிட்டு அதற்காகத் திரும்பி வர வேண்டும்.

கணினிக்குள் ஒரு யார்டு

முட்டுத் தடத்தில் கடைசியாக நுழைந்த வேகனே முதலில் வெளிவரும் என்ற இப்பண்பு, கணினி அறிவியலில் அடுக்கு எனப்படும் தரவமைப்பின் பண்பேயாகும். டொனால்டு நூத், கணினி நிரலாக்கம் குறித்த தமது பெருநூலின் 1968இல் வெளிவந்த முதல் தொகுதியில், அடுக்கை விளக்க ரயில் தடத்தையே எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் வரும் வேகன்கள் ஒரு முட்டுத் தடத்துக்குள் போய் மறுபக்கம் வெளியேற வேண்டும், பின்திரும்பக் கூடாது என்று வைத்துக்கொண்டால், ஒன்று, இரண்டு, மூன்று என வரும் மூன்று வேகன்களை ஐந்து வரிசைகளில் வெளியேற்ற முடியும். மூன்று, ஒன்று, இரண்டு என்ற ஆறாவது வரிசை மட்டும் கிட்டாது. மூன்று முதலில் வெளிவர வேண்டுமானால் ஒன்றும் இரண்டும் அதற்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். அப்போது ஒன்றின் வழியை இரண்டு மறித்துக்கொண்டிருக்கும். நான்கு வேகன்களுக்கு 24 வரிசைகளில் 14உம், ஐந்துக்கு 120இல் 42உம் மட்டுமே கிட்டும். 5, 14, 42 என வளரும் இவை, பெல்ஜியக் கணிதவியலாளர் யூஜின் கட்டலான் பெயரால் வழங்கும் எண்கள்.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1961இல் விவரித்த ஒரு வழிமுறைக்கு ஷண்டிங் யார்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. கூட்டலும் பெருக்கலும் கலந்த ஒரு கணக்கைக் கணினி சரியான வரிசையில் செய்வதற்காக, எண்களை நேர்த்தடத்தில் போகவிட்டு, கூட்டல், பெருக்கல் குறிகளைச் சற்று நேரம் கிளைத் தடத்தில் ஒதுக்கி வைத்து, உரிய நேரத்தில் வெளியே எடுப்பது அதன் சாரம். அலமாரியில் உள்ள மூன்று கிளைகள் இந்த வகையில் வரிசைப்படுத்தும் சிக்கலின் கண்கூடான வடிவமாகின்றன. அவற்றின் முன் அரை மணி நேரம் செலவிடும் சிறுவருக்கு, தற்காலிகமாக ஒதுக்கிவைக்கக் காலியிடம் இல்லாமல் எதையும் ஒழுங்குபடுத்த முடியாது என்பது கையாலேயே புரிந்துவிடும்.

சுருங்கும் எடை, சுருங்காத விதிகள்

நீளத்தை 87இல் ஒரு பங்காகச் சுருக்கும்போது கன அளவு 87இன் முப்படியான 6,58,503இல் ஒரு பங்காகிறது. வெறுமையாக 20 டன் எடையுள்ள வேகன், இக்கணக்குப்படி மாதிரியில் 30 கிராம்தான் இருக்க வேண்டும். அவ்வளவு இலேசான வண்டி தண்டவாள இணைப்பில் துள்ளி இறங்கிவிடும் என்பதால், 1935இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாதிரி ரயில் ஆர்வலர்களின் தேசியச் சங்கம், எச்.ஓ. வேகனுக்கு ஓர் அவுன்சும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் மேலும் அரை அவுன்சும் எடை இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. 40 அடி வேகனுக்கு இது 106 கிராம், அதாவது கணக்குப்படியான எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். வேகனுக்குள் சிறு இரும்புத் துண்டுகளை ஒட்டுவது இதற்கான எளிய வழி.

எடையைக் கூட்டினாலும் தீராத வேறுபாடு ஒன்று உண்டு. சமதளத்தில் மெதுவாக உருளும் வண்டி நிற்பதற்கு முன் கடக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளிவிடப்பட்ட ஓர் உண்மையான வேகன் 50 மீட்டர் உருள்வதாகக் கொண்டால், மாதிரியில் அது 57 சென்டிமீட்டர் உருள வேண்டும். மாதிரியின் வேகம் 87இல் ஒரு பங்காகக் குறையும்போது உருளும் தூரமோ 87இன் வர்க்கமான 7,569இல் ஒரு பங்காகிவிடுகிறது. உராய்வு விகிதம் உண்மையில் உள்ளபடியே இருந்தாலும் வேகன் 7 மில்லிமீட்டரில் நின்றுவிடும். சிறிய அச்சுகளில் உராய்வு விகிதம் இன்னும் அதிகம் என்பதால் அந்த 7 மில்லிமீட்டரும் கிட்டுவதில்லை. உண்மையான யார்டில் இஞ்சின் வேகனை உதைத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். மாதிரியிலோ ஒவ்வொரு வேகனையும் அது நிற்க வேண்டிய இடம் வரை கூடவே போய் விட்டுவர வேண்டும்.

இழந்த உந்தத்தை மின்னணுவியல் ஓரளவு மீட்டுத் தருகிறது. டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் தண்டவாளத்தின் வழியே மின்சாரத்தோடு குறியீட்டு ஆணைகளும் செல்கின்றன. இஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்னும் சிறு மின்சுற்று அவற்றைப் படித்து மோட்டாரை இயக்குகிறது. வேகம் கூடுவதும் குறைவதும் எவ்வளவு நிதானமாக நிகழ வேண்டும் என்பதை அதில் பதிந்துவிட்டால், சில நூறு கிராம் எடையுள்ள இஞ்சினும் பல டன் சுமையை நகர்த்துவதைப் போலவே கிளம்பி, மெல்ல நிற்கும். மணிக்கு 8 கிலோமீட்டர் என்ற ஷண்டிங் வேகம் மாதிரியில் நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டர்தான், 1.8 மீட்டர் பலகையைக் கடக்க 70 நொடிகள் ஆகும். பலகையின் நீளம் சென்டிமீட்டரில் குறைந்தாலும் நேரத்தில் நீள்கிறது என்பதால், ஊர்ந்து செல்லும் இஞ்சினே இடத்தைப் பெருக்கும் கருவியாகிறது.

மின்சாரம் அறுபடும் இடம்

ஊர்ந்து செல்வதற்கு ஒரு விலை உண்டு. இஞ்சின் தன் மின்சாரத்தை இரு தண்டவாளங்களிலிருந்தும் சக்கரங்கள் வழியே பெறுகிறது. உந்தம் இல்லாததால், ஒரு நொடி மின்சாரம் அறுபட்டாலும் அதே இடத்தில் நின்றுவிடும். தூசியும் களிம்பும் இதற்குப் பொதுவான காரணங்கள். தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைத்துவைத்தால் அவை தீரும். பாயிண்டில் உள்ள காரணமோ அமைப்பு சார்ந்தது. இரு தடங்கள் பிரியும்போது, ஒன்றின் இடத் தண்டவாளமும் மற்றதன் வலத் தண்டவாளமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஓரிடம் தவிர்க்க முடியாமல் உண்டாகிறது. ரயில்வேயில் கிராசிங் எனவும் மாதிரி ரயில் வட்டாரத்தில் ஃபிராக் எனவும் அதற்குப் பெயர். எதிரெதிர் மின்முனைகளைக் கொண்ட இரு தண்டவாளங்கள் அங்கே சந்திப்பதால், குறுக்குமின்னோட்டத்தைத் தவிர்க்க மலிவான பாயிண்டுகளில் அத்துண்டை பிளாஸ்டிக்கில் வார்த்துவிடுகிறார்கள். நான்கே அச்சுகள் உள்ள குட்டை இஞ்சின் அதன் மேல் ஊரும்போது மின்சாரத்தை இழக்கும் வாய்ப்பு அதிகம். உலோக ஃபிராக் உள்ள பாயிண்டை வாங்கி, தடத்தை மாற்றும் அதே நெம்புகோலோடு ஒரு சிறு சுவிட்சையும் இணைத்து, பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கேற்ப ஃபிராக்கின் மின்முனையும் மாறும்படி செய்வதே நிலையான தீர்வு.

கோத்தலும் பிரித்தலும்

வட அமெரிக்க வேகன்களின் கப்ளிங், வளைந்த விரல்களோடு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் கைகளைப் போன்றது. வேகன்களுக்கு இடையே நின்று கையால் ஆணி செருகிய பழைய முறை எண்ணற்ற தொழிலாளர்களின் விரல்களையும் உயிர்களையும் பறித்த காலத்தில், ஈலை ஜேனி 1873இல் இந்தத் தானியங்கிக் கப்ளிங்குக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்கச் சட்டம் 1893இல் தானியங்கிக் கப்ளிங்கைக் கட்டாயமாக்கியது. அதே வடிவத்தை மாதிரி ரயிலுக்குக் கொண்டுவந்தவர்கள் கீத், டேல் எட்வர்ட்ஸ் சகோதரர்கள். இருவர் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்ததே கேடீ என்ற நிறுவனப் பெயர். அவர்களுடைய கப்ளிங்கின் அடியில் தொங்கும் மெல்லிய எஃகுக் கம்பியைத் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த காந்தம் பக்கவாட்டில் இழுக்க, விரல்கள் திறந்துகொள்கின்றன. சிறிய அமைப்பில் எல்லா இடமும் கைக்கு எட்டும் தொலைவில் இருப்பதால், காந்தம் இல்லாமல் கூர்மையான மூங்கில் குச்சியை இரு விரல்களுக்கு இடையே நுழைத்துத் திருகியும் பிரிக்கலாம். எந்த வேகனையும் எந்த இடத்திலும் கழற்றிவிட முடிவது இம்முறையின் சிறப்பு.

பலகையும் தடமும்

தச்சு வேலையில் முதன்மையானது மட்டம். நன்றாக உருளும் வேகன்கள் மிகச் சிறிய சரிவிலும் தாமாக நகர்ந்துவிடும் என்பதால், சுவர்த் தாங்கிகளைப் பொருத்தும்போதே ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டுப்பலகையின் எல்லாப் பக்கங்களுக்கும், வெட்டிய ஓரங்கள் உட்பட, வண்ணம் பூசிவிட்டால், மழைக்காலத்து ஈரத்தில் அது உப்பி வளைவது குறையும். தண்டவாளம் நிக்கல் சில்வர் என்ற கலப்பு உலோகத்தால் ஆனது. பெயரில் வெள்ளி இருந்தாலும் அதில் இருப்பவை செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். 1.8 மீட்டர் தண்டவாளம் 20 டிகிரி வெப்பநிலை உயர்வில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும் என்பதால், இணைப்புகளில் மெல்லிய இடைவெளி விட வேண்டும்.

நீளக் கணக்கு எளிது. இஞ்சினுக்கும் மூன்று வேகன்களுக்கும் ஷண்டிங் நெக் 60 சென்டிமீட்டர். பீக்கோ நிறுவனத்தின் சிறிய பாயிண்ட் ஒவ்வொன்றும் 18.5 சென்டிமீட்டர், இரண்டுக்கும் 37. ஐந்து வேகன் கிளைக்கு 75. மொத்தம் 172 சென்டிமீட்டர். முனைத் தடுப்புகளுக்கான இடத்தையும் சேர்த்தால் 180. கிளையின் நீளத்தைப் பாயிண்டின் நுனியிலிருந்து அளப்பது தவறு. இரு தடங்களும் விலகி, ஒன்றில் நிற்கும் வண்டியை மற்றதில் போகும் வண்டி உரசாத இடத்துக்கு ஃபவுலிங் மார்க் என்று பெயர். அங்கிருந்துதான் பயன்படும் நீளம் தொடங்குகிறது. தண்டவாளத்தை ஆணியடிப்பதற்கு முன், வாங்கிய வேகன்களையே தடத்தின் மேல் நிறுத்தி இந்த இடத்தைக் குறித்துக்கொள்வது, எந்த வரைபடத்தையும்விட நம்பத்தக்கது.

புதிரும் தொழிலும்

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மான்டரேயில் வாழ்ந்த ஜான் ஆலன் 1972இல் வெளியிட்ட டைம்சேவர், இதே மரபின் மற்றொரு புகழ்பெற்ற வடிவம். ஐந்து பாயிண்டுகளும், இஞ்சின் வேகன்களைச் சுற்றி மறுமுனைக்கு வர உதவும் ஒரு லூப் தடமும் கொண்ட அது, குறைந்த நேரத்தில் முடிக்க வேண்டிய போட்டியாகவே உருவாக்கப்பட்டது. அதன் தடங்கள் வேண்டுமென்றே குட்டையாக்கப்பட்டவை. உண்மையான ரயில் நிறுவனம் எதுவும் தன் ஊழியரின் நேரத்தை இப்படி வீணாக்கும் யார்டைக் கட்டாது. ஆகவே ஓர் அலமாரி அமைப்பு வெறும் புதிராக நின்றுவிடாமல் தொழிலின் மாதிரியாக வேண்டுமானால், ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும்: மாவு ஆலைக்கு வந்த தானிய வேகன் ஆலைக் கதவின் முன்தான் நிற்க வேண்டும், காலியான வேகன் அடுத்த ரயிலில் திரும்ப வேண்டும், இன்னும் இறக்கி முடியாத வேகனை நகர்த்தினால் மீண்டும் அதே இடத்தில் வைக்க வேண்டும். வேகன் ஒன்றுக்கு ஓர் அட்டை எழுதி, அதில் சரக்கையும் சேருமிடத்தையும் குறித்துவிட்டால் இக்காரணங்கள் தாமே பிறந்துவிடும்.

இத்தகைய அமைப்பைக் கட்டுபவர் ஒருவருக்குப் பின்னாளில் மாற்ற முடியாத முடிவுகள் இரண்டே: ஷண்டிங் நெக்கின் நீளமும் கிளைகளின் கொள்ளளவும். கட்டடங்களைப் பெயர்த்து வைக்கலாம், நாட்டையும் காலத்தையும் மாற்றலாம், கட்டுப்பாட்டுக் கருவியைப் புதுப்பிக்கலாம்; ஆனால் இஞ்சினும் மூன்று வேகன்களும் நிற்க வேண்டிய இடத்தில் இஞ்சினும் இரண்டரை வேகன்களும்தான் நிற்க முடியும் என்றால், தடத்தைப் பெயர்த்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. புதிய வேகன் ஒன்று கைக்கு வரும்போது அதை ஒன்பதாவதாகப் பலகையில் நிறுத்தும் ஆசை எழுவது இயல்பு. அதற்காகப் பழைய ஒன்றை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுவதே முறை, ஏனெனில் எட்டு வேகன்களும் ஆடும் 6,720 ஆட்டங்களுக்கும் களமாக இருப்பது அந்த மூன்று காலியிடங்களே.